ஆறு பக்கத்தில் அறுந்து நிற்கும் கதைகள்: 2000 ஏடி இதழுடன் 13 ஆண்டுகள்

இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த என் மைத்துனரின் மகன் சென்ற மாதம் வீட்டிற்கு வந்திருந்தபோது, மாடி அறையில் அடுக்கி வைத்திருந்த 2000 ஏடி என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் இதழ்களை வெகுநேரம் புரட்டிவிட்டு, "மாமா, நானும் சந்தா கட்டவா?" என்று கேட்டான். 2012 செப்டம்பரில் வெளிவந்த 1800ஆம் இதழிலிருந்து ஒரு வாரமும் விடாமல் வாசித்து வருபவன் நான். உடனே கட்டச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பதிலுக்கான காரணத்தை அவனுக்கு முழுமையாக விளக்க முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இதழின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1977 பிப்ரவரியில், 2000 என்பது எட்டாத எதிர்காலமாகத் தோன்றிய நாளில், 8 பென்ஸ் விலையில் தொடங்கப்பட்ட வார இதழ் இது. பாட் மில்ஸ் அதற்கு உருக்கொடுத்தார். ஜான் வாக்னர் எழுத்திலும் கார்லோஸ் எஸ்கெர்ரா வடிவமைப்பிலும் உருவான ஜட்ஜ் ட்ரெட், எதிர்காலப் பெருநகரம் ஒன்றில் காவலரும் நீதிபதியும் தானேயானவர், இரண்டாம் இதழில் வந்து சேர்ந்தார். ஒவ்வோர் இதழுக்கும் 'புரோக்' என்று பெயர். திருவாதிரை விண்மீனின் பக்கத்திலிருந்து வந்த தார்க் என்ற பச்சை நிற வேற்றுலகவாசிதான் இதழின் ஆசிரியர் என்பது 1977-இல் தொடங்கிய கற்பனை ஏற்பாடு. 2002 முதல் அந்தப் பச்சை முகத்திற்குப் பின்னால் இருந்து இதழை நடத்தி வந்திருப்பவர் மாட் ஸ்மித். 32 பக்கம், ஐந்து கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து அல்லது ஆறு பக்கம். இந்தப் பக்கக் கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் என் மகிழ்ச்சியும் என் கோபமும் அதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் மகிழ்ச்சி. நான் சேர்ந்த புதிதில், 2012 இலையுதிர் காலத்தில், ஒரே இதழில் மூன்று கதைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ஜட்ஜ் ட்ரெட். இன்னொன்று, கோமாளி வேடத்தில் தனியார் துப்பறிவாளராக மறைந்து வாழும் ஜாக் பாயிண்ட் என்ற நீதிபதியின் கதை. மூன்றாவது, தன்னைத் தானே பெயர் சொல்லிப் படர்க்கையில் பேசிக்கொள்ளும் டர்ட்டி ஃபிராங்க் என்ற மறைமுகக் காவலரின் கதை. எழுதியவர்கள் முறையே அல் யூயிங், சைமன் ஸ்பரியர், ராப் வில்லியம்ஸ். ஓவியர்களும் வேறு வேறு. ட்ரெட்டின் உலகில் நிகழ்கின்றன என்பதைத் தவிர இவற்றிடையே எந்தத் தொடர்பும் எனக்குத் தென்படவில்லை. பிறகு ஒரு வாரம், ஒரு கதையின் பாத்திரம் அடுத்த கதைக்குள் நடந்து வந்தது. அப்போதுதான் மூன்றும் ஒரே சதியின் மூன்று முனைகள் என்று புரிந்தது. முன்கூட்டி ஓர் அறிவிப்பும் இல்லை, அட்டையில் ஒரு குறிப்பும் இல்லை. பழைய நான்கைந்து இதழ்களை எடுத்துத் தரையில் பரப்பி, முதலிலிருந்து மீண்டும் வாசித்தேன். 1812ஆம் இதழில் மூன்று எழுத்தாளர்களும் சேர்ந்து அந்தக் கதையை முடித்தார்கள்.

அதன்பின் அது ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது. மூன்று கதைகளும் ஒன்று என்பதை அந்த நூலின் அட்டையே சொல்லிவிடுகிறது. அதைக் கையில் எடுப்பவருக்கு நல்ல கதை ஒன்று கிடைக்கும், ஆனால் எனக்குக் கிடைத்தது கிடைக்காது. பல கதைகள் அக்கம்பக்கமாக அச்சாகும் வார இதழில் மட்டுமே நிகழக்கூடிய வித்தை அது. நான் 600-க்கும் மேற்பட்ட இதழ்களை வாசித்துவிட்டேன், ஆனாலும் சனிக்கிழமை காலையில் தபால் உறை விழும் ஓசை கேட்டால், இந்த வாரம் அப்படி ஒன்று நடக்குமோ என்ற எதிர்பார்ப்பு இன்றும் எழுகிறது.

ட்ரெட்டின் காலக் கணக்கும் வாரந்தோறும் வாசிப்பவருக்கே முழுமையாகப் பயன் தருவது. இதழ் தொடங்கிய 1977-இல் அவர் கதை 2099-இல் நிகழ்ந்தது; அந்த 122 ஆண்டு இடைவெளி இன்றுவரை அப்படியே காக்கப்படுகிறது. நமக்கு ஓராண்டு கழிந்தால் அவருக்கும் ஓராண்டு கழிகிறது. 1982-இல் வெளிவந்த அபோகலிப்ஸ் போர்க் கதையில், 80 கோடி மக்கள் வாழ்ந்த அவரது மெகா-சிட்டி ஒன் நகரம் பாதியானது. வேறு காமிக்ஸ்களில் இதுபோன்ற அழிவு அடுத்த ஆண்டே மறக்கப்பட்டுவிடும், இங்கே மறக்கப்படவில்லை. 1986-இல் வாக்னரும் ஆலன் கிராண்டும் ஒரே வாரத்தில் முடியும் சிறுகதை ஒன்றை எழுதினார்கள்: மக்களாட்சி கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றிய ஒரு பெண், சாகப்போவது தெரிந்து கணவனுக்கு எழுதும் கடிதம் அது. அந்தச் சில பக்கங்களின் விளைவு அடுத்த ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, 1991-இல் அந்த நகரத்தில் பொது வாக்கெடுப்பு வரை போனது. இதையெல்லாம் நான் தொகுப்பு நூல்களில்தான் படித்தேன். அன்றைய வாசகர்கள் அந்த ஐந்து ஆண்டுகளையும் தங்கள் வாழ்நாளிலேயே கடந்து வந்தவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருக்கிறது.

இடையில் ஒன்று. இந்த இதழை வெளியிடும் ரெபெல்லியன் நிறுவனம், 2016-இலும் 2018-இலும் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியங்களை வாங்கியது. அவற்றுள் 1962-இல் வேலியண்ட் இதழில் தொடங்கிய எஃகுக் கை மனிதரின் கதையும் அடக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அதன் மறுபதிப்பைப் பார்த்தபோது, ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டேன். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த நம் இரும்புக்கை மாயாவிதான் அவர். மதுரையில் வாடகைப் புத்தகக் கடையில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தவனுக்கு, அவரும் ட்ரெட்டும் இன்று ஒரே கூரையின் கீழ் இருப்பது தனிப்பட்ட நிறைவு.

இனி, 13 ஆண்டுகளாக என்னை வருத்தும் குறை.

ஒரு தொடர் பத்துப் பன்னிரண்டு வாரம் ஓடுகிறது. பாத்திரங்கள் மனத்தில் பதிந்து, அவர்களின் பேச்சு காதில் கேட்கத் தொடங்கும் நேரத்தில் 'பாகம் ஒன்று முற்றும்' என்று நிற்கிறது. அடுத்த பாகம் ஓராண்டு கழித்து வரலாம், இரண்டாண்டு கழித்தும் வரலாம். எப்போது வரும் என்பதை எவரும் சொல்வதில்லை. வரும்போதோ, நேற்று இரவு நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதைப்போல, பாத்திரங்கள் பாதிப் பேச்சில் நுழைகிறார்கள். தலைப்பின் அருகே இரண்டு மூன்று வரி அறிமுகம் இருக்கும். அது அந்தக் கதையின் உலகத்தை நினைவூட்டப் போதுமானது, கதை விட்ட இடத்தை நினைவூட்டப் போதாது. வாரத்தொடர்களோடு வளர்ந்த நமக்கு 'முன்கதைச் சுருக்கம்' என்ற பழைய ஏற்பாட்டின் அருமை நன்றாகத் தெரியும். அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்திற்காக 13 ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.

டான் ஆப்னெட் எழுதி ஐ. என். ஜே. கல்பார்ட் வரையும் பிரிங்க் தொடரை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கடந்த பத்தாண்டில் இந்த இதழ் தந்தவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது அதுதான். 2016-இல் தொடங்கியது. பூமியைக் கைவிட்ட மனிதகுலம் விண்வெளிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்கிறது. பிரிட்ஜெட் கர்டிஸ் என்ற விசாரணை அதிகாரி அங்கே பரவும் மறைவான வழிபாட்டுக் குழுக்களைத் துருவுகிறார். பெரிய சண்டைகள் இல்லை. இருவர் ஒரு தாழ்வாரத்தில் நின்று பேசுவதையே ஆறு பக்கத்திற்கு நீட்டி, வாசகரின் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் எழுத்து அது. தடயங்கள் மிகச் சிறியவை: ஒருவர் தவறிச் சொல்லும் ஒரு சொல், பின்னணியில் இருக்கும் ஒரு குறி. வாரம் ஆறு பக்கம் என்ற அளவில் படித்து, ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, மறுபடியும் ஆறு பக்கமாகப் படிப்பவரின் நினைவில் அந்தக் குறி எப்படி நிற்கும்?

இதற்காகவே நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தொடரின் பாகமும் முடிந்த இரவில், யார் இறந்தார், யார் தப்பினார், எந்தக் கேள்வி விடையில்லாமல் நிற்கிறது என்று தமிழில் எழுதி வைப்பேன். இப்போது நான்காவது குறிப்பேடு நடக்கிறது. முதலில் அது இன்பமான வேலையாக இருந்தது. இப்போது, பல பக்கங்களில் 'தொடரும்' என்று நான் எழுதிய கதைகள் எந்தக் காலத்திலும் தொடராமல் போனதைப் பார்க்கும்போது, அந்தக் குறிப்பேடுகளைத் திறக்கவே மனம் கனக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த இடைவெளிகளுக்குச் சோம்பல் காரணமில்லை. ஓர் ஓவியர் வாரம் ஆறு பக்கம் வரைந்து, வண்ணமும் தீட்டி, ஆண்டு முழுவதும் அதே தரத்தில் தருவது உடலால் முடியாத வேலை. தொடக்க ஆண்டுகளில் ட்ரெட்டை எஸ்கெர்ரா, மைக் மக்மஹோன், பிரையன் போலண்ட் என்று பலர் மாறி மாறி வரைந்துதான் வாரத்தை நிரப்பினார்கள். இன்று பெரும்பாலான தொடர்கள் ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர் என்ற கூட்டில் நடக்கின்றன; அந்த ஓவியர் அடுத்த பாகத்தை வரைந்து முடிக்கும்வரை கதை காத்திருக்கிறது. பிரிங்க் தொடரை வேறு கையில் கொடுத்து வாராவாரம் நடத்தினால் அது பிரிங்க்காக இருக்காது. கல்பார்டுக்காகக் காத்திருப்பதா, வேறொருவரை ஏற்பதா என்று கேட்டால் நான் காத்திருப்பதையே தேர்ந்தெடுப்பேன். இருந்தும், ஓவியரின் கை ஓய்வெடுப்பதற்கும் வாசகருக்கு அரைப் பக்கச் சுருக்கம் மறுக்கப்படுவதற்கும் என்ன தொடர்பு என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

இது இன்றைய நோயும் அல்ல. பாட் மில்ஸும் கெவின் ஓ'நீலும் உருவாக்கிய நெமெசிஸ் த வார்லாக் தொடரின் ஒன்பதாம் பாகம் 1989-இல் முடிந்தது, பத்தாவதும் இறுதியுமான பாகம் 1999-இல் வந்தது. பத்து வயதில் ஒன்பதாம் பாகத்தைப் படித்த சிறுவன், முடிவைப் படிக்கும்போது இருபது வயது இளைஞன். ஹாலோ ஜோன்ஸின் கதை அதைவிடத் துயரமானது. ஆலன் மூர் எழுத, இயன் கிப்சன் வரைய, 1984 முதல் 1986 வரை மூன்று பாகங்கள் வந்தன. ஐம்பதாம் நூற்றாண்டில் வேலையற்ற ஒரு சாதாரணப் பெண், பிறந்த இடத்தைவிட்டு வெளியேறுவதை மட்டுமே கனவாகக் கொண்டவள், போரில் சிக்கி, முதுமை எட்டிப் பார்க்கும் முகத்தோடு நிற்கும் இடத்தில் கதை நின்றது. திட்டமிட்டவை ஒன்பது பாகங்கள். படைப்புரிமை பற்றிய பிணக்கில் மூர் அன்றைய பதிப்பகத்திடமிருந்து விலகினார். 2023-இல் கிப்சன் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று மூன்று பாகங்களையும் ஒரே அமர்வில் மீண்டும் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் விண்கலத்தில் ஏறிச் செல்கிறாள், இனி எங்கே போவாள் என்பதை அவர் கையால் வரைந்து எவரும் பார்க்கப் போவதில்லை.

எதிர்ப்பக்கத்தில், இதே இதழின் இன்னொரு தொடர் நாயகன் நிகோலாய் டான்டே இருக்கிறான். ராபி மாரிசன் எழுத்தில், சைமன் ஃப்ரேசர், ஜான் பர்ன்ஸ் ஓவியங்களில், 1997-இல் ஒரு விளையாட்டுப் பிள்ளையாக அறிமுகமாகி, 2012-இல் முறையான முடிவை எட்டியவன். நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு அது முடிந்தது. தொகுப்பு நூல்களாக வரிசையாகப் படித்தேன், ஒரு சுருக்கமும் தேவைப்படவில்லை. முழுமையாகச் சொல்லி முடிக்கப்பட்ட நீண்ட கதை இந்த இதழால் இயலாத காரியமல்ல என்பதற்கு அவன் சான்று. அவனை நினைக்கும்போது என் கோபம் தணிவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

ஆகவே மருமகனிடம் வாரச் சந்தா வேண்டாம் என்றேன். பிரிங்க், டான்டே, ஹாலோ ஜோன்ஸ் ஆகியவற்றின் தொகுப்பு நூல்களை வாங்கச் சொன்னேன். என் சந்தாவும் இரண்டு மாதத்தில் முடிகிறது; போன வாரம் இன்னொரு தொடர் நடுவழியில் நின்ற கோபத்தில் இருக்கும் நான், இந்த முறை புதுப்பிக்கப் போவதில்லை.

அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது; அதனால் 2012-இன் அந்த மூன்று கதைகளைப் பற்றி இங்கே எழுதியதால் அவனுக்கு எதுவும் கெட்டுவிடாது. 1800 முதல் 1812 வரையிலான 13 இதழ்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஒன்று கொடுப்பேன், அடுத்ததை முன்கூட்டிக் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முதல் இதழை நேற்று வந்து வாங்கிக்கொண்டு போனான்.