ட்ரூயிட் குடும்பத்தின் கடைசி 40 கட்டுகள்

நான் டப்ளினில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கங்களில் டாரட் என்ற படச் சீட்டுக்கட்டும் ஒன்று. ஜோசியமாக நம்பியெல்லாம் இல்லை. ராத்திரி ஒரு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடி யோசிப்பது பிடிக்கும். கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய வழிபாட்டைப் பின்பற்றுபவள். வருஷா வருஷம் அக்டோபர் 31 அன்று மீத் பக்கம் வார்ட் குன்றில் தீ மூட்டி, சௌவின் என்ற பழைய ஐரிஷ் பண்டிகையைக் கொண்டாடுவதற்குப் போவாள். (எழுத்தைப் பார்த்து 'சம்ஹெயின்' என்று வாசித்து நான் மானம் போன கதை தனி.) அவள் சொல்லும் ஐரிஷ் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கும் ஒரு கெல்டிக் கட்டு, அதாவது அயர்லாந்தின் பழைய கதைகளைப் படமாக வரைந்த டாரட் கட்டு, வேண்டும் என்று ஆசை வந்தது. எதை வாங்கலாம் என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போனில் விளம்பரம் வந்தது. அயர்லாந்தின் மேற்கே கால்வேயில் ஒரு ட்ரூயிட் (பழைய கெல்டிக் பூசாரி) குடும்பம் கையால் செய்கிறதாம், 2000 ஆண்டுப் பழைய சீட்டு மரபாம், கடையை மூடப்போவதால் இன்னும் 40 கட்டுகள்தான் பாக்கியாம். பனிமூட்டம், கருங்கல், தாடிக்காரத் தாத்தா ஒருவர். 49 யூரோ கட்டினேன்.

அந்த 2000 ஆண்டிலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குச் சீட்டு என்ற பொருளே 14ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த விளையாட்டு. 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் அது எகிப்து ஞானம் என்று எழுதிவைத்தார். மர்மக் கதைகள் பெருகியது அதற்கப்புறம்தான். ட்ரூயிட்களோ தங்கள் போதனையை எழுத்தில் வைப்பதையே தவிர்த்தவர்கள் என்று சீசர் எழுதியிருக்கிறார். எழுதவே மாட்டேன் என்றவர்கள் சீட்டு போட்டார்களாம்! பத்துச் சீட்டுகளைப் பரப்பும் 'கெல்டிக் குறுக்கு' முறைகூட, 1910இல் வெயிட் என்ற ஆங்கிலேயர் பழைய கெல்டிக் முறை என்று சொல்லி அச்சிட்ட பிறகு பரவியதுதான்.

புதிதாக இருப்பது குற்றமில்லை. நல்ல ஓவியர்கள் அதை ஒளிக்க மாட்டார்கள். 78 சீட்டு என்ற சட்டகம் இத்தாலியுடையது, உள்ளே வைத்திருப்பது எங்கள் ஊர்க் கதை என்று சொல்லிவிடுவார்கள். டாரட்டின் நான்கு வகைச் சீட்டுகளுக்கும் ஐரிஷ் புராணத்திலிருந்து ஒவ்வொரு பொருள்: கோலுக்கு லூவின் ஈட்டி, வாளுக்கு நுவாதாவின் வாள், கிண்ணத்துக்கு தக்டாவின் வற்றாத கொப்பரை, நாணயத்துக்கு ஃபால் கல். ஃபால் கல் என்று காட்டப்படும் ஒன்று இன்றும் தாரா குன்றில் நிற்கிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்தான் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நம்பத் தோன்றுகிறது.

சரி, பார்சலுக்கு வருவோம். மூன்று வாரம் கழித்து, சுங்கத்துக்குப் பணம் செலுத்தச் சொல்லித் தபாலில் ஓர் அறிவிப்பு வந்தது. டப்ளினிலிருந்து கால்வே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நடுவில் எங்கே சுங்கம்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்கு எவ்வளவு மலிவானாலும் 2021 ஜூலையிலிருந்து வாட் வரி உண்டு. அப்படியானால் இது வெளிநாட்டுச் சரக்கு. பெட்டியில் ஒட்டியிருந்த விவரம்: காகித விளையாட்டுப் பொருள், மதிப்பு 6 டாலர். வாட் சில்லறைதான், கையாளும் கட்டணம் அதைவிட அதிகம்.

உள்ளே இருந்தது கல்யாணப் பத்திரிகையைவிட மெல்லிய அட்டை. இரண்டு தடவை கலைத்ததும் ஓரம் பிசிறியது. வரிசைப்படி அடுக்கினால் எண்ணிக்கை 78 சரியாகத்தான் வந்தது, ஆனால் 'கிண்ணம் ஐந்து' என்ற சீட்டு இரண்டு இருந்தது, 'வாள் ராணி' இல்லை. சீட்டின் பின்பக்கப் படம் பாதிக் கட்டில் ஒரு நூல் விலகியிருந்தது. கவிழ்த்து வைத்தாலே எந்தப் பாதியைச் சேர்ந்த சீட்டு என்று தெரிந்துவிடும். விளக்கப் புத்தகம் கிடையாது, கியூஆர் கோடுதான். அதைத் திறந்தால் 'உங்கள்மீது சாபம் இருக்கிறது, நீக்க 30 யூரோ' என்றது. நம்மூரில் கிளி ஜோசியக்காரர்கூட முதலில் கிளியை வெளியே விடுவார்.

தோழியிடம் காட்டினேன். ஓரத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இது ரூன் எழுத்து. பழைய ஜெர்மானிய இனத்தாருடையது. எங்களுடையது ஓகம் எழுத்து, கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டியிருப்பார்கள்." அப்புறம் சிரிப்பு நின்றது. தன் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள். ஓவியரிடமே நேராக வாங்கியது. அதே படங்கள். அவளுடையதில் கொப்பரையின் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்து இருந்தது. என்னுடையதில் அந்த இடத்தை அழித்து, அதன்மேல்தான் ரூன்களைப் போட்டிருந்தார்கள். ஏமாந்தது நான் மட்டுமில்லை.

பணம் திரும்பக் கேட்டேன். இணையத்தில் வாங்கியதை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்பது இங்கே சட்டம். விற்பவர் தன் முகவரியையும் போட வேண்டும். அந்தக் கடைப் பக்கத்தில் முகவரியே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். முதல் பதில், கட்டை வைத்துக்கொள், 15 சதவீதம் தருகிறோம். அடுத்து 30. விடாமல் கேட்டதும் கண்டம் தாண்டி ஒரு முகவரி கொடுத்து, உன் செலவில் அனுப்பு என்றார்கள். அஞ்சல் செலவே கட்டின் விலையைத் தொடும். நான் பேரம் பேசவில்லை. இரண்டு 'கிண்ணம் ஐந்து' சீட்டுகளையும், சுங்க அறிவிப்பையும், 'கால்வே' விளம்பரத்தையும் படமெடுத்து, கார்டு கொடுத்த வங்கியில் பரிவர்த்தனைத் தகராறு பதிந்தேன். விளம்பரத்தை அன்றே படமெடுத்து வைத்தது நல்லதாயிற்று, பிறகு அது காணாமல் போனது. ஐந்து வாரத்தில் 49 யூரோ வந்தது. கையாளும் கட்டணம் போனது போனதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே தாடிக்காரத் தாத்தா மறுபடி போனில் வந்தார். இந்தத் தடவை வேல்ஸில் ஒரு ட்ரூயிட் குடும்பம். கடைசி 40 கட்டுகள்.