சிங்கப்பூர் எஃப்1 வாரத்தில் "மூணு நைட் அபார்ட்மென்ட்" என்று யாராவது ஆசை காட்டினால்

சிங்கப்பூர் நைட் ரேஸ் (எஃப்1 கார் பந்தயம்) பார்க்கப் போகிறவர்கள் கவனிக்கவும். "சர்வீஸ் அபார்ட்மென்ட், மூணு நைட், டிராக்குக்குப் பக்கம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேக்கேஜ் வந்தால் காசு அனுப்பாதீர்கள். சட்டப்படி அந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாது. காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி மாதிரி வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். வீவக என்கிற அரசு வீடு என்றால் 6 மாதம். நிஜமான சர்வீஸ் அபார்ட்மென்டிலேயே 7 நாளுக்குக் குறைந்து தங்க முடியாது.

ரேஸ் வாரத்தில் மரினா பே பக்கம் ஹோட்டல் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். தரகர்களுக்கு அதுதான் அறுவடை. நானும் தம்பியும் 1,050 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தோம், தரகரின் இந்தியக் கணக்குக்கு. அவர் அனுப்பிய படத்தில் பால்கனி, நீச்சல் குளம், எட்டத்தில் சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம்.

கிளம்பும் நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "அண்ணே, அரைவல் கார்டுல நம்ம அட்ரஸ் போடாதீங்க. ஏதாச்சும் ஹோட்டல் பேரைப் போட்டுருங்க." குடிநுழைவு அதிகாரிகளிடம் பொய் சொல்லச் சொல்கிறார்! நாங்கள் அவர் கொடுத்த முகவரியையேதான் போட்டோம். பின்னால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு காண்டோ. "செக்யூரிட்டி கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க" என்று அடுத்த உத்தரவு. மேலே போனால் ஹாலை பிளைவுட் பலகையால் நாலாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தடுப்பில் இரண்டு மெத்தை; பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் மெத்தை மேல் ஏறி நிற்க வேண்டும். பலகை கூரை வரைக்கும் எட்டாததால் பக்கத்துத் தடுப்பில் இருந்தவரின் குறட்டையும் எங்களுக்கே. பால்கனி இருந்தது, யார் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து எதிர் பிளாக்கின் ஏசி பெட்டிகள் நன்றாகத் தெரிந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். குரல் மாறிவிட்டது. "போலீஸுக்குப் போனா முதல்ல மாட்டுறது நீங்கதான். டூரிஸ்டா வந்திருக்கீங்க, பாத்துக்குங்க." இந்த ஒரு மிரட்டலை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது. அபராதம் விழுவது வாடகைக்கு விட்டவர் தலையில். 2018-இல் இப்படிக் குறுகிய நாளுக்கு வீடு விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 வெள்ளி தீட்டினார்கள். அவர் சொன்னபடி பொய் முகவரி போட்டிருந்தால்தான் நம் குடுமி அவர் கையில் சிக்கியிருக்கும்.

பேக்கேஜில் ஆளுக்கு 80 வெள்ளிக்கு "சிட்டி டூர்" வேறு. பட்டியலில் இருந்தது கார்டன்ஸ் பை தி பேயில் ராட்சத மரங்களின் ஒளிக் காட்சி, மரினா பேரேஜ் அணைக்கட்டின் புல் மாடி, செரங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில். மூன்றுக்கும் காசே கிடையாது! ஒளிக் காட்சி இரவு 7:45-க்கும் 8:45-க்கும். பேஃபிரன்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். வேனில் எஸ்பிளனேட் டிரைவ், செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு வழியாகச் சுற்றிக் காட்டுவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சாலையும்தான் ரேஸ் டிராக்கே. வேன் புகிஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

ரேஸைக் குறை சொல்ல மாட்டேன். டிக்கெட்டை மட்டும் அதிகாரபூர்வத் தளத்தில் நேரடியாக எடுத்திருந்தோம், சிக்கலே இல்லை. பாடாங் திடல் பக்கம் கம்பி வேலியைப் பிடித்து நின்ற தம்பி 62 சுற்றும் நகரவில்லை. திரும்பும்போது ஒரு டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் 70 வெள்ளி கேட்டார். ரேஸ் இரவுகளில் ரயிலை வழக்கத்தைவிட அதிக நேரம் ஓட்டுகிறார்கள், அதிலேயே வந்துவிட்டோம்.

எந்த இடமானாலும் முன்பணம் கட்டுமுன் பெயரை உரிமம் பெற்ற ஹோட்டல் பட்டியலில் தேடிப் பாருங்கள், அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் மோசடியோ என்று சந்தேகம் என்றால் 1799-க்கு அழைக்கலாம். பணம் இந்தியக் கணக்குக்குப் போயிருந்தால் இந்தியாவின் சைபர் குற்றப் புகார் எண் 1930. அங்கே புகார் கொடுத்திருக்கிறோம், காசு இன்னும் வரவில்லை. வாய்ஸ் மெசேஜ், படம், ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி "ஃபிளையர் வியூ" படத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், உங்கள் விவரத்தையும் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.