மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவு: நிறையும் குறையும்

என் அக்கா மகன் அண்மையில் இங்கு உள்நோயாளியாக இருந்தான். டபென்டடால் எனும் வலி மாத்திரையைப் போதைக்காக மதுவுடன் சேர்த்து உட்கொண்டு, இடது கால் உடலுக்கு அடியில் சிக்கியபடியே இரவு முழுவதும் அசைவின்றிக் கிடந்திருக்கிறான். காலையில் தொடை விறைத்து வீங்கியிருந்தது. சிறுநீரோ கடுங்காப்பி நிறத்தில் சிறிதளவே வெளியேறியது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முழு மதிப்பெண் தரலாம். பணியிலிருந்த மருத்துவர் அவனைக் கடிந்துகொள்ளாமல், உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, என்ன உட்கொண்டான் என்று கேட்டறிந்தார். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனை இரத்தம் இருப்பதாகக் காட்டியும் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தென்படாததால், அது சிதைந்த தசையிலிருந்து வெளியேறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மயோகுளோபின் எனும் புரதம் என்று ஊகித்து, தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. எனும் நொதியின் இரத்தப் பரிசோதனைக்கு உடனே எழுதினார். ஏறத்தாழ 200 யூனிட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த அளவு 40,000-ஐத் தாண்டியிருந்தது. தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதால், முடிவு வருவதற்கு முன்பே இ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள்.

சிறுநீரக மருத்துவர் விளக்கிச் சொல்வதில் வல்லவர். குண்டுவீச்சின்போது இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களிடம் 1941-இல் லண்டன் மருத்துவர்கள் விவரித்த அதே சிறுநீரகச் செயலிழப்பு, இவனுக்குத் தன் உடல் எடையாலேயே நேர்ந்திருக்கிறது என்றார். சலைன் ஏற்றியும் சிறுநீர் பிரியாததால் கழுத்தில் குழாய் பொருத்தி டயாலிசிஸ் தொடங்கினார்கள். செவிலியர்கள் மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து குறித்ததையும், ஒவ்வொரு முறையும் பாதத்தின் நாடித்துடிப்பையும் தொடையின் இறுக்கத்தையும் தொட்டுப் பார்த்ததையும் தனியே பாராட்ட வேண்டும். இறுக்கம் கூடினால் தசையுறையைக் கீறித் திறக்க வேண்டியிருக்கும். அதற்குத் தேவை ஏற்படவில்லை. சிறுநீர் மெல்லப் பெருகி, டயாலிசிஸும் நிறுத்தப்பட்டது.

காப்பீட்டுப் பிரிவைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. மது, போதைப் பழக்கத்தின் விளைவுகளுக்கான சிகிச்சையைத் தனியார் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் விலக்கி வைத்துள்ளன. அதை முதல் நாளே சொல்லாமல், வீடு திரும்பும் நாளன்று கட்டணச் சீட்டோடு சேர்த்துச் சொன்னார்கள். அக்கா நகையை அடகு வைக்க நேர்ந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்றியவர்கள் மனநல மருத்துவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. வெளியேற்றச் சீட்டில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்தல் என எல்லாம் இருந்தன. மாத்திரைப் பழக்கம் குறித்து ஒரு வரிகூட இல்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயாவது அச்சிட்டிருக்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாங்களே தேடிச் சென்றோம்.

சிறுநீரகச் சிகிச்சைக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேரும்போதே காப்பீட்டு விலக்குகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; மனநல ஆலோசனையையும் நீங்களே வலியுறுத்துங்கள்.