பில்ட்ரூட்டில் நம் கெர்னல்: டார்பாலா, கிட்டா, ஓவர்ரைடா?

போர்டுடன் (சிறு கணினிப் பலகை) வந்த லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இரண்டு டிரைவர்களைத் திருத்தியாகிவிட்டது. போர்டுக்கான முழு லினக்ஸ் இமேஜையும் பில்ட் செய்து தரும் கருவி பில்ட்ரூட். இனி அது அந்தக் கெர்னலைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளை நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

டார்பால், அதாவது சோர்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிய தொகுப்பு, எளிது. முகவரியைக் கொடுத்தால் இறக்கிப் பிரித்துக்கொள்ளும். மாறாத கெர்னலுக்கு அது போதும். தினமும் திருத்துகிறவருக்கு ஒத்துவராது.

கிட் (திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வழியில், சோர்ஸ் இருக்கும் ரெப்போவின் முகவரியோடு பதிப்பையும் தர வேண்டும். அந்த இடத்தில், திருத்தம் சேரச் சேர நகரும் பிராஞ்சின் பெயரை எழுதிவிடுவதுதான் பெரிய பொறி. ஒருநாள் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் என் மேசையில் மணி ஏழு, சென்னையில் நாலரை. அங்கிருந்து தம்பி ஒருவர் அழைத்தார்: "அண்ணே, எனக்கு வைஃபை வருது, உங்களுக்கு ஏன் வரலை?" இருவரிடமும் ஒரே டெஃப்கான்ஃபிக் (பில்ட் அமைப்புக் கோப்பு), ஒரே பிராஞ்ச். ஆனால் பில்ட்ரூட் முதல்முறை இறக்கியதை டிஎல் அடைவில் வைத்துக்கொள்ளும். பிராஞ்ச் நகர்ந்தாலும் மறுபடி போய்ப் பார்க்காது. என்னிடம் இருந்தது மூன்று வாரப் பழைய கெர்னல். அவர் அன்றுதான் புதிதாக இறக்கியிருந்தார். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிட் தரும் அடையாளமான, 40 எழுத்துள்ள முழு கமிட் ஹாஷையே எழுதுங்கள். திருத்தம் சேரும்போதெல்லாம் அந்த ஒரு வரியை மாற்றுவது சலிப்பான வேலைதான், ஆனால் எல்லா மேசையிலும் ஒரே கெர்னல் பில்ட் ஆகும்.

அப்போ தினசரி வேலைக்கு? பில்ட்ரூட் பில்ட் செய்யும் அவுட்புட் அடைவுக்குள் போய் நேரடியாகத் திருத்துகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம், ஒரு 'மேக் கிளீன்' போதும், எல்லாம் போய்விடும். மூன்றாவது வழி ஓவர்ரைட்: லோக்கல்.எம்கே கோப்பில் ஓவர்ரைட் வரி ஒன்றை எழுதி, உங்கள் கெர்னல் அடைவைக் காட்டுங்கள். அங்கே திருத்திவிட்டு 'மேக் லினக்ஸ்-ரீபில்ட்' கொடுத்தால், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி உங்கள் மாற்றங்களை எடுத்துவரும், மாறிய பகுதி மட்டும் கம்பைல் ஆகும். இந்த வேகத்தை மற்ற இரண்டும் தராது.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஓவர்ரைடில் பேட்ச் (திருத்தக் கோப்பு) போடும் கட்டமே நடக்காது. பேட்ச் அடைவில் வைத்திருப்பதெல்லாம் சும்மாவே கிடக்கும். கிட் வரலாறும் நகலாகாது என்பதால், போர்டில் ஓடும் கெர்னல் எந்த கமிட் என்று யூநேம் கட்டளை காட்டாது.

என் தேர்வு: மேசையில் ஓவர்ரைட், வாடிக்கையாளருக்குப் போகும் இமேஜுக்கு முழு ஹாஷுடன் கிட். ஓவர்ரைடிலிருந்து கிட்டுக்கு மாறும்போது ஓவர்ரைட் வரியை நீக்கிவிட்டு, சோம்பல் படாமல் 'மேக் கிளீன்' கொடுத்து முழுதாக பில்ட் செய்யுங்கள். இல்லையென்றால் இமேஜுக்கான கோப்புகள் சேரும் டார்கெட் அடைவில் தங்கிய பழைய கெர்னல் மாட்யூல்களும் இமேஜோடு சேர்ந்து போய்விடும்.