மேகசின் மாற்றுவதற்கென ஒரு பிற்பகல்: டாலஸ் பகுதிக் கைத்துப்பாக்கி வகுப்பு பற்றி

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடையில்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்றானபின், முறையான பயிற்சி பெறுவது பெரும்பாலும் அவரவர் விருப்பமாகிவிட்டது. இந்நிலையில், டாலஸ் புறநகரிலுள்ள உள்ளரங்கச் சுடுதளம் ஒன்று தனது ஒருநாள் வகுப்பில் துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினை மாற்றுவதற்கென்றே பிற்பகல் முழுவதையும் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கது. குறிபார்த்துச் சுடும்போது காட்டும் கவனத்தை, மேகசினைத் தேடி இடுப்புப் பட்டைக்குக் கை போகும்போது பலரும் இழந்துவிடுகிறார்கள்.

தொடக்கப் பயிற்சி முழுவதும் போலித் தோட்டாக்களைக் கொண்டே நடந்தது. விரல் விசை வளையத்துக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், குழல்முனை இலக்கின் திசையை விட்டு விலகக் கூடாது என்ற இரண்டிலும் பயிற்சியாளர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. துப்பாக்கியை இடுப்புக்குத் தாழ்த்தாமல் முகத்தின் முன்னே வைத்துக்கொள்வதையும், புதிய மேகசினின் முதல் தோட்டாவைச் சுட்டுவிரல் நுனி தொடும்படி பிடித்து எடுப்பதையும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

தோட்டாக்கள் தீர்ந்ததும் பின்னால் நின்றுவிட்ட ஸ்லைடை (துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பகுதி) எப்படி முன்னே விடுவது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றிப் பின்னிழுத்து விடுவதே சரி என்றும், பதற்றத்தில் விரல்களின் நுண்ணிய இயக்கம் தடுமாறும் என்பதால் ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்துவதை நம்பக் கூடாது என்றும் அவர் வலியுறுத்தினார். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாக இதில் இரு தரப்பாக நிற்கிறார்கள். ஆனால் மேகசினை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்துவதும், விசையை இழுப்பதும் அதே பதற்றத்தில் அதே விரல்கள் செய்யும் வேலைகள்தாமே? வகுப்பில் தந்த ஐந்தாம் தலைமுறை கிளாக் 19 கைத்துப்பாக்கியில் அந்த நெம்புகோல் இருபுறமும் இருப்பதால், இடக்கையாளரும் பிடியைக் குலைக்காமல் கட்டைவிரலாலேயே ஸ்லைடை விடலாம். மேலிருந்து பற்றும் முறையில் முழங்கை வெளியே விரிய, முனை அடுத்த தடத்தில் நிற்பவர் பக்கம் திரும்பிவிடுகிறது. அன்று அவர் அதிகம் திருத்த வேண்டியிருந்த பிழையும் இதுதான். ஸ்லைடோடு கையும் முன்னே சென்றால் அது முழுமையாக மூடாமல் போகக்கூடும். நெம்புகோல் கடினமான துப்பாக்கிகளுக்கும், அது வலக்கையாளருக்கென ஒரே பக்கம் அமைந்தவற்றுக்கும் அவருடைய முறை பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. எனினும், ஒரே முறையை எல்லாக் கைகளுக்கும் விதியாக்கியதற்குப் போதிய காரணம் கிடைக்கவில்லை.

பாதி காலியான மேகசினைக் கீழே விடாமல் பையில் சேமித்துக்கொள்ளும் முறையை ஓரிரு நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். தொடக்க நிலையினருக்கு அது போதும்.

விடுபட்டதில் முக்கியமானது, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையிலிருந்து எடுத்த அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது என்பது. ஒவ்வொரு முறையும் அந்த அறைக்குத் தோட்டாவை வழிநடத்தும் முன்சரிவில் மோதி, ஈயக்குண்டு உறைக்குள் சற்றே அமுங்கினால், சுடும்போது அழுத்தம் அபாயகரமாக உயரலாம். வீட்டில் தினமும் துப்பாக்கியைக் காலிசெய்து மீண்டும் நிரப்புபவர்களுக்கு இது அவசியமான எச்சரிக்கை.

கட்டணத்தில் கண், காதுப் பாதுகாப்புச் சாதனங்கள் அடங்கும்; தோட்டாக்களைத் தனியே வாங்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி கொண்டுசெல்வோர் குறைந்தது மூன்று மேகசின்கள் வைத்திருப்பது நல்லது. இரண்டு மட்டுமே இருந்தால் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி தோட்டா நிரப்புவதிலேயே கழிந்துவிடும்.