தூத்துக்குடியில் பழைய ஸ்கூபா கருவிகள் கிடைக்கும் ஒரு கடை

பாளையங்கோட்டையிலிருந்து கடந்த ஓராண்டில் நான்கு முறை பொருள் வாங்கிய கடை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காயலான் கடை என்று கேட்டால் வழி சொல்வார்கள். கப்பல் விளக்கு, சங்கிலி, கப்பி, பித்தளை வால்வு ஆகியவற்றுக்கு நடுவே, 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட முக்குளிப்புக் கருவிகளும் அவ்வப்போது இங்கே வந்து சேர்கின்றன.

இந்தக் கரையில் அவை கிடைப்பதில் வியப்பில்லை. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இந்த ஊரின் முத்துப் பார்களில் (சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்), கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கும் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, அதாவது ஸ்கூபா முறையில், இதே கடலடியில் இறங்கிப் பார்களை நேரில் ஆராயத் தொடங்கினார்கள். கடையிலுள்ள பொருள்கள் யாருடைய கையிலிருந்து வந்தவை என்று கடைக்காரர் சொல்வதில்லை. பொருளின் வரலாற்றை அதன் மேலுள்ள முத்திரைகளிலிருந்துதான் படித்தறிய வேண்டும்.

கடை வாசலில் பளபளக்கும் பித்தளைத் தலைக்கவசங்களைக் கண்டு நின்றுவிட வேண்டாம். அவை வட இந்தியப் பட்டறைகளில் அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கக் கடற்படையின் மார்க் ஃபைவ் தகடு பதித்திருந்தாலும், தகரம் போல் மெலிந்த உடலும், காற்று வழியே இல்லாத பொய் வால்வும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான மார்க் ஃபைவ் தலைக்கவசமும் மார்புத் தகடும் சேர்ந்து 25 கிலோ எடை வரும். கடைக்காரரும் கேட்டவுடனே, "அது ஷோவுக்கு உள்ளதுதான் அண்ணாச்சி" என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே நான் உள்ளே சென்றேன்.

உள்ளறையில் எனக்குக் கிடைத்த, சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குத் தரும் இரட்டைக்குழாய் ரெகுலேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் எமில் கான்யனும் உருவாக்கிய அக்வாலங் என்னும் நீரடி மூச்சுக் கருவியின் வழிவந்த இந்த வகையில், கழுத்துக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டியும், அதிலிருந்து இரு தோள்களின் மேலாக வாய்க்கு வரும் மடிப்பு ரப்பர்க் குழாய்களும் இருக்கும். ஒரு குழாய் காற்றைக் கொண்டுவருகிறது. மற்றொன்று வெளிவிடும் மூச்சை மீண்டும் அந்தப் பெட்டிக்கே எடுத்துச் செல்கிறது. வெளியேற்றும் வால்வு, பெட்டிக்குள் இருக்கும் உதரவிதானத்துக்கு (நீரழுத்தத்துக்கு ஏற்ப அசைந்து காற்றைத் திறந்துவிடும் மெல்லிய தகட்டுக்கு) அருகிலேயே, அதே நீரழுத்தத்தில் இருந்தாக வேண்டும் என்பதே மூச்சை இப்படிப் பின்னோக்கித் திருப்புவதற்குக் காரணம். இல்லையெனில் காற்று வீணாக ஒழுகும். மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் 1952-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த போர்பாய்ஸ் கருவி, உதரவிதானத்தையும் வெளியேற்றும் வால்வையும் வாயருகே கொண்டுவந்து ஒரே குழாயோடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆகவே ஒற்றைக்குழாய் என்பதனாலேயே ஒரு ரெகுலேட்டரைப் புதியது என்று தள்ளிவிடக் கூடாது.

கடைக்காரர் இரட்டைக்குழாய் எல்லாவற்றையும் 'பிரெஞ்சு நேவி' என்றே சொல்கிறார். அதை நம்பி விலை கொடுக்கக் கூடாது. நான் எடுத்தது மிஸ்ட்ரல் என்னும், காற்றழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒருநிலை ரெகுலேட்டர். பிரான்சின் லா ஸ்பிரோடெக்னிக் நிறுவனத்துடைய இந்த அமைப்பு, அதே பெயரில் அமெரிக்காவில் யூ.எஸ். டைவர்ஸ் வழியாகவும், இங்கிலாந்தில் சீப் கோர்மன் வழியாகவும் விற்கப்பட்டதால், வட்டப் பெட்டியின் முகத்திலுள்ள சிட்டையை (பெயர் வில்லையை) படித்தால்தான் நாடு தெரியும். என்னுடையதில் சீப் கோர்மன் பெயரும் செஸ்ஸிங்டன் என்ற ஊர்ப் பெயரும் இருந்தன. அந்நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனின் லாம்பெத் பகுதியை விட்டுச் செஸ்ஸிங்டனுக்குப் போய், 1970களின் நடுவில் வேல்ஸிலுள்ள க்வம்ப்ரானுக்கு மாறியது. ஆகவே ஊர்ப் பெயரே ஏறத்தாழக் காலத்தைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் பொருள் கிடைத்தால், 1958-இல் வந்த டிஏ அக்வா-மாஸ்டர் அழுத்தத்தை இரண்டு படிகளில் குறைக்கும் இருநிலை ரெகுலேட்டர் என்பதையும், பின்னர் வந்த ராயல் அக்வா-மாஸ்டரின் முதல் நிலை, சிலிண்டரின் அழுத்தம் குறைந்தாலும் சீராக இயங்கும்படி சமன்செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடையின் பெருஞ்சிறப்பு, கடைக்காரர் எதையும் துலக்குவதில்லை என்பதே. பித்தளையில் களிம்பு பச்சையாகப் படிந்திருக்கும். குரோமியப் பூச்சு உரிந்திருக்கும். ஆனால் சிட்டை, வரிசை எண், கவ்விகள் யாவும் இருந்தபடியே இருக்கும். நம் வீடுகளில் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்திருந்தால், சிட்டையின் எழுத்தும் வண்ணமும் முதலில் போயிருக்கும். வாங்கிய பிறகு நாமும் அதைச் செய்யக் கூடாது. இளஞ்சூடான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் உப்பை நீக்குவதே போதும்.

சிலிண்டரில் மட்டும் இந்தக் கடை என்னை ஏமாற்றத்துக்கு உள்ளாக்கியது. மூன்றாம் முறை, அலைபேசியில் வந்த படத்தைப் பார்த்து, நேரில் போகாமலே பணம் அனுப்பி வரவழைத்த சிலிண்டரின் தோள்பகுதியை யாரோ இயந்திரத்தால் அரைத்து, தடித்த மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். சிலிண்டரின் பிறப்புச் சான்றிதழே அந்தத் தோளில்தான் இருக்கிறது. அமெரிக்க அரசு ஆணையமான ஐசிசியின் முத்திரையாக ஐசிசி-3ஏஏ2250 என்று இருந்தால் அமெரிக்க எஃகு, சதுர அங்குலத்துக்கு 2,250 பவுண்டு அழுத்தம், ஏறக்குறைய 1970-க்கு முந்தியது என்று பொருள். ஐசிசி இருக்கும் இடத்தில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. அடுத்து, முதல் சோதனையின் மாதமும் ஆண்டும் இருக்கும். அதன் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் பத்து விழுக்காடு கூடுதலாக நிரப்ப இசைவு உண்டு. இவை அழிந்த சிலிண்டர் வெறும் இரும்பு. கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் லாரி வாடகை இருவழியும் என் பொறுப்பாயிற்று. படத்தில் பெயின்ட் மட்டுமே தெரிந்தது; தோள் அரைக்கப்பட்டிருப்பதை அவர் முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அடுத்த முறை நேரில் சென்று எடுத்த சிலிண்டரில் ஜே வால்வு இருந்தது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடியும், அதைக் கீழே இழுக்கும் கம்பியும் கொண்ட இந்த வால்வு, அழுத்தமானி இல்லாத காலத்தில், ஏறத்தாழ 300 பவுண்டு அழுத்தக் காற்றைக் கடைசிக்கென்று பிடித்துவைத்தது. அக்கைப்பிடி இல்லாத எளிய வால்வு கே வால்வு. அலுமினியச் சிலிண்டர் கிடைத்தால் 6351 என்ற உலோகக் கலவையா என்று விசாரிக்க வேண்டும். 1980களின் இறுதி வரை செய்யப்பட்ட அவ்வகை, கழுத்துத் திருகுப் பகுதியில் விரிசல் காண்பதுண்டு. எஃகாயினும் அலுமினியமாயினும், அழுத்தக் கலன்களுக்கு இசைவளிக்கும் இந்திய அரசு அமைப்பான பெசோ ஏற்பளித்த நிலையத்தில் நீரழுத்தச் சோதனை செய்யாமல் காற்று நிரப்பவே கூடாது. பழைய ரெகுலேட்டரையும் புது உதரவிதானம், புது வால்வு, புதுக் குழாய் மாற்றி, அறிந்தவர் பார்த்த பிறகே கடலில் இறக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இந்த எச்சரிக்கையைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

முகமூடிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. கருப்பு ரப்பர் கல்லாக இறுகிப்போனவையே மிகுதி. தெளிந்த சிலிகான் முகமூடியைப் பழையது என்று காட்டினால் ஏற்க வேண்டாம். அதே அலமாரியின் அடித்தட்டில், சங்குகுளிப்பவர்கள் துடுப்பாகக் காலில் கட்டிக்கொண்ட அலுமினியத் தகடுகள் ஒரு சோடி கிடந்தன. கயிறு உராய்ந்த தடம் அவற்றில் அப்படியே இருந்தது. வெளிநாட்டு ரெகுலேட்டருக்கு 4,500 ரூபாய் கேட்டவர், அந்தத் தகடுகளை எடைக்குப் போட்டுத் தந்தார். நான் வற்புறுத்தி 500 ரூபாய் கொடுத்தேன்.

காலை பத்து மணிக்குமேல் கடை திறந்திருக்கும். உள்ளறையில் வெளிச்சம் போதாது என்பதால் டார்ச் விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டுசெல்வது நல்லது. விலை படியும், ஆனால் பொருளைக் கழற்றிப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார். சென்ற வாரம் புதிதாக இரண்டு மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் மடிப்பு ரப்பர்க் குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.