கிட்டாரில் வலது கை: எதை முதலில் பழகுவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை ஆறு மணிக்கு மேல் கிட்டார் சத்தம் கேட்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் சர்ச் கொயரில் வாசித்துப் பழகியவர்கள். இடது கை அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, கார்டெல்லாம் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) தானாக விழும். பிளெக்ட்ரமை, அதாவது கம்பி மீட்டும் சின்னத் தகட்டை, கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டச் சொன்னால்தான் வலது கை தடுமாறும். கிளாசிக்கல் கிட்டாரில் நாதம் பிறப்பது அந்தக் கையில்தான். அதைப் பழக்கும் முறையில் மட்டும் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்த மூன்று விஷயங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ரெஸ்ட் ஸ்ட்ரோக்கா, ஃப்ரீ ஸ்ட்ரோக்கா? முதல் கம்பியை ஆள்காட்டி விரலால் மீட்டிப் பாருங்கள். மீட்டிய விரல் அப்படியே போய் இரண்டாவது கம்பியில் சாய்ந்து நின்றால் அது ரெஸ்ட் ஸ்ட்ரோக். ஸ்பானிஷ் மொழியில் அப்போயாந்தோ என்பார்கள். இரண்டாவது கம்பியைத் தொடாமல் தாண்டி உள்ளங்கைப் பக்கம் வந்தால் ஃப்ரீ ஸ்ட்ரோக், அதாவது டிராண்டோ.

ரெஸ்ட் ஸ்ட்ரோக்கை முதலில் சொல்லிக்கொடுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விரலுக்குச் சாய ஓர் இடம் கிடைப்பதால் புதியவருக்குப் பயம் வராது. முதல் நாளே உருண்டு திரண்ட சத்தம் வரும். ஒற்றை மெட்டு, ஸ்கேல் எல்லாம் இதில் கம்பீரமாக ஒலிக்கும். ஸ்பெயினின் கிட்டார் மேதை டாரெகாவின் வழி வந்தவர்கள் இதைக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சாய்ந்த விரல் அடுத்த கம்பியின் ஒலியை அடைத்துவிடும். கிளாசிக்கல் கிட்டாரின் பெரும்பகுதி ஆர்ப்பேஜியோ. கார்டின் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றின் மேல் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே ரெஸ்ட் ஸ்ட்ரோக்கை எல்லா விரலிலும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்டு மாதம் ரெஸ்ட் ஸ்ட்ரோக் மட்டுமே வாசிக்க வைத்தார். அப்புறம் ஃப்ரீ ஸ்ட்ரோக்குக்கு மாறியபோது என் விரல்கள் கம்பியை மீட்டவில்லை, பிடுங்கின. கம்பி மேலே தூக்கப்பட்டு ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டையில்) போய் அடிக்கும், டங்கென்று ஒரு வறட்டுச் சத்தம் வரும். அந்தப் பழக்கம் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் நான் ஃப்ரீ ஸ்ட்ரோக்கில்தான் தொடங்க வைக்கிறேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஃப்ரீ ஸ்ட்ரோக்கின் மேல் எல்லோரும் சொல்லும் குறை, சத்தம் மெலிந்து வரும் என்பது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இதையேதான் கேட்டான்: “அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்ளோ கனமா வருது?” அவன் கையைப் பார்த்தேன். விரல் தூரத்திலிருந்து வந்து கம்பியை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. “முதல்ல விரலைக் கம்பி மேல வைப்பா. வச்சுட்டு, பலகைப் பக்கமா லேசா அழுத்து. இப்போ விடு” என்றேன். விரல் கையோடு சேரும் பெரிய மூட்டிலிருந்து அசைய வேண்டும், நுனி மூட்டு மட்டும் கொக்கி போல இழுக்கக் கூடாது. நாலைந்து தடவையில் சத்தம் மாறிவிட்டது. ஃப்ரீ ஸ்ட்ரோக்கில் மெலிவு என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி, விரலை முன்கூட்டியே கம்பியில் ஊன்றாததால் வருவது. ஊன்றுவதிலும் இரண்டு விதம் உண்டு. கட்டைவிரல் மீட்டும்போதே மற்ற மூன்று விரல்களையும் ஒன்றாக ஊன்றுவது ஒன்று, ஒவ்வொன்றாக அதனதன் முறைக்கு ஊன்றுவது இன்னொன்று. மேலேறும் ஆர்ப்பேஜியோவுக்கு முன்னது, இறங்குவதற்குப் பின்னது.

அடுத்தது நகமா, சதையா? இந்த விவாதத்துக்கு இருநூறு வயசு. ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) நகமில்லாமல் விரல் நுனிச் சதையால் வாசித்தார். அதே நாட்டுக் கலைஞர் தியோனிசியோ அகுவாதோ (1784–1849) நகத்தால் வாசித்தார். இருவரும் நண்பர்கள், பாரிஸில் சேர்ந்து வாசித்தவர்கள். ‘இரு நண்பர்கள்’ என்ற தலைப்பிலேயே சோர் ஒரு டூயட் எழுதினார். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, சோர் வாசிப்பதைக் கேட்டபின் அகுவாதோ தன் கட்டைவிரல் நகத்தை மட்டும் விட்டுவிட்டார் என்பது. மற்ற விரல்களில் நகம் அப்படியே இருந்தது. இதில் பாதி வழியும் ஒரு வழிதான் என்று அவர் காட்டிவிட்டார். பிற்காலத்தில் டாரெகா நகத்தைக் கைவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் கிட்டார் மேதை செகோவியா நகத்தையும் சதையையும் சேர்த்தே கம்பியில் படவைத்தார். இன்று மேடையில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வழிதான்.

அதற்குக் கம்பியும் ஒரு காரணம். சோர் காலத்தில் குடல் நரம்பில் செய்த கம்பிகள். நைலான் கம்பி 1940களில்தான் வந்தது. வழவழப்பான நைலானில் வெறும் சதை பட்டால் ஒலி இதமாக இருக்கும், ஆனால் ஒரு கூடத்தின் கடைசி வரிசைக்கு எட்டாது.

சரி, நமக்கு எது? இங்கே கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் காற்றே ஈரம். பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து உடனே வாசித்தால் நகம் இளகி வளைவது தெரியும். தேங்காய் துருவும்போது என் மோதிர விரல் நகம் இரண்டு தடவை போயிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை நகம் வளர்க்க விடவும் மாட்டார்கள். அதனால் முதல் ஆறு மாதம் சதையால் வாசியுங்கள் என்கிறேன். கம்பி எங்கே இருக்கிறது என்பதைத் தோல்தான் விரலுக்குச் சொல்லித்தரும். அப்புறம் நகம் வைக்க முடிந்தவர்கள் வைக்கலாம். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சதைக்கு மேலே நகம் 1 மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் 2 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். விரல் நுனியின் வளைவையே நகமும் பின்பற்ற வேண்டும். அரத்தால் தேய்த்ததோடு விட்டுவிடாதீர்கள், ஓரம் சொரசொரவென்று இருந்தால் ஒலியும் அப்படியே வரும். பெயிண்ட் கடையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் ஒன்று வாங்கி, ஓரத்தைக் கண்ணாடி போல இழையுங்கள். கூர்ந்து கேட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கடைசியாக, வெறும் பயிற்சிகளா, சிறு பாடங்களா? இத்தாலியக் கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812இல் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகள் நம் சரளி வரிசை மாதிரி. இடது கைக்கு சி மேஜர், ஜி செவன் என்று இரண்டே கார்டு. மாறுவதெல்லாம் வலது கை விரல்களின் வரிசை. கவனம் முழுக்க ஒரே கையில் இருக்கும் என்பது இதன் பலம். லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வருகிறார், பத்து வருஷம் வீணை வாசித்தவர். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழ்நோக்கி மீட்டும், கிட்டாரில் அதே விரல்கள் மேல்நோக்கி உள்ளங்கைக்குள் வர வேண்டும். திசையே தலைகீழ். அவருக்கு ஜூலியானி மருந்து போல வேலை செய்தது. ஒரே வரிசையை நாற்பது தடவை வாசித்தாலும் அலுக்காத பொறுமையை வீணை ஏற்கெனவே கொடுத்திருந்தது.

கொயர் பிள்ளைகளுக்கு அது ஒத்துவரவில்லை. மூன்றாவது நாளே காது மூடிக்கொண்டு விரல் மட்டும் ஓடும். அவர்களுக்கு இன்னொரு இத்தாலியக் கிட்டார் கலைஞர் கார்காசியின் 25 பாடங்கள் (ஓபஸ் 60) நல்லது. மூன்றாவது பாடத்தில் மேல் கம்பியில் ஒரு மெட்டு நடக்கிறது, உள்ளே ஆர்ப்பேஜியோ ஓடுகிறது. மோதிர விரல் கொஞ்சம் சோம்பினாலும் மெட்டு அறுந்துபோகும், அதை யாரும் சொல்ல வேண்டாம், அவர்கள் காதே சொல்லிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் கார்காசியை எடுப்பேன். ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஜூலியானியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரிசை, பத்து நிமிஷம், மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டில். அதே விரல் வரிசை வருகிற பாடத்தை அது முடிந்த கையோடு எடுக்க வேண்டும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது அப்படித்தான் வாசிக்கிறான். போன வாரம் மூன்றாவது பாடத்தின் முதல் எட்டு பார் (தாள அளவு) வரைக்கும் வந்துவிட்டான், மெட்டு அறுபடவில்லை.